பையன் தேறுவானா?

"பையன் தேறுவானா, ஸார்?"

உபாத்தியாயர் உத்தியோகத்துக்கு வந்து நமக்கு இருபது வருஷங்களுக்கு மேல் ஆகிறது. இவ்வளவு காலத்தில் நம்மிடம் அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இது ஒன்றுதான். கறிகாய்க் கடையில் கேட்டிருக்கிறார்கள். கோயில் பிராகாரத்தில் கேட்டிருக்கிறார்கள். ஒரு சமயம் பல் பிடுங்கிக்கொள்வதற்காக நாம் வாயை அகலத் திறந்துகொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தபோது, கையில் குறட்டுடன் நின்ற பல் வைத்தியரே கேட்டார். அவருடைய புத்திரன் ஒன்பதாம் வகுப்பில் நம்மிடம் வாசித்துக்கொண்டிருந்தான். அந்த நிலைமையில் எந்த உபாத்தியாயரும் என்ன செய்வாரோ அதையே நாமும் செய்தோம். தலையைப் பலமாக மேலும் கீழும் ஆட்டினோம்.

கேள்வி என்னவோ சின்னக் கேள்விதான். ஆனால் யோசித்துப் பார்த்தால், கேட்பவர் நம்மிடம் ஜோசியம் கேட்கிறார் என்பது விளங்கும். நமக்குத் தெரிந்தது அந்தப் பிள்ளை நேற்று எழுதிய விடைத்தாள். அவர் அறிய விரும்புவதோ இன்னும் பத்து வருஷம் கழித்து அவன் என்ன ஆவான் என்பது. இரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய ஆறு ஓடுகிறது. நாமோ அக்கரை தெரியாமலே, "அந்தக் கரையில் தண்ணீர் முழங்கால் அளவுதான்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறோம்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதையே முழு நேரத் தொழிலாகக் கொண்டு சம்பளம் வாங்குகிறவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள் என்பதை நாம் 2025ஆம் வருஷத்துக் கோடை விடுமுறையில்தான் நன்றாகத் தெரிந்துகொண்டோம். தெரிந்துகொண்டதிலிருந்து நம் தொழிலைப் பற்றி நமக்கே சில சந்தேகங்கள் உண்டாகியிருக்கின்றன. அவற்றை நேயர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறோம்.

* * *

நம் மைத்துனரின் குமாரன் டெக்ஸாஸ் மாகாணத்தில் டல்லாஸ் நகரத்தில் உத்தியோகம் பார்க்கிறான். விடுமுறைக்கு வந்தவன் தலையில் ஒரு நீலத் தொப்பி. அவனுடைய அத்தை சாதம் பரிமாறும்போதுகூட அதைக் கழற்ற மறந்துபோய், வாங்கிக் கட்டிக்கொண்டான்.

"மாமா! எங்கள் ஊர் பேஸ்பால் கோஷ்டியில் குமார் என்று ஒருவன் பந்து எறிகிறான், தெரியுமா?" என்று கேட்டான்.

"குமாரா? எந்த ஊர்?" என்றோம் நாம். நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி அதுதானே?

பெயர் குமார் ராக்கர். ஜார்ஜியா மாகாணத்தில் வளர்ந்தவன். தகப்பனார் பிரசித்தி பெற்ற அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர். தாயாரின் பெற்றோர் இந்தியாவிலிருந்து போய் அங்கே குடியேறியவர்கள். இதைக் கேட்டதும் நம் மார்பு சற்று விரிந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். கடல் கடந்து யாராவது ஒருவர் பெயர் எடுத்துவிட்டால் உடனே அவருக்கும் நமக்கும் உறவுமுறை தேடுவது நம் தேசத்தாரின் பழைய வழக்கம். அவர் தடுக்கி விழுந்தால் அந்த உறவு விட்டுப்போவதும் வழக்கந்தான். வயதில் அவன் நம் பழைய மாணவர்களைப் போன்றவன். ஆகையால் "அவன்" என்றே எழுதுகிறோம்.

பையன் தன் போனில் ஓர் ஆட்டத்தைக் காட்டினான். 2019ஆம் வருஷம் ஜூன் 8ஆம் தேதி, டென்னஸி மாகாணத்து நாஷ்வில் நகரில், வாண்டர்பில்ட் சர்வகலாசாலைக்கும் டியூக் சர்வகலாசாலைக்கும் நடந்த ஆட்டம். வாண்டர்பில்ட் கோஷ்டிக்கு எறிந்தவன் முதல் வருஷ மாணவனான குமார், வயது 19.

பேஸ்பாலில் எறிபவன் நம் கிரிக்கெட் பந்துவீச்சாளனைப் போல் ஓடிவருவதில்லை. பத்து அங்குல உயரமுள்ள ஒரு மண் மேட்டில் நின்று, 60 அடி 6 அங்குல தூரத்தில் தட்டுப் போல் பதித்திருக்கும் இலக்கை நோக்கித் தரையில் படாமல் எறிகிறான். அடிப்பவன் மூன்று முறை தவறவிட்டால் ஆட்டமிழந்தான். இப்படி 27 பேரை வெளியேற்றினால் ஆட்டம் முடிந்தது. குமார் அன்று 131 பந்துகள் எறிந்தான். எதிர்க் கோஷ்டியார் ஒருவர்கூட ஒரு நல்ல அடி அடித்துத் தளம் சேரவில்லை. 27 பேரில் 19 பேர் மட்டையைக் காற்றில் வீசியோ, திகைத்து நின்றோ வெளியேறினார்கள். அந்த வருஷம் கல்லூரிகளுக்கான தேசியப் பட்டத்தை வாண்டர்பில்ட் வென்றது. இறுதிப் போட்டிகளின் மிகச் சிறந்த ஆட்டக்காரன் என்ற விருதும் குமாருக்கே கிடைத்தது.

"பிறகென்ன? பையன் தேறிவிட்டான்!" என்றோம்.

நம் மருமான் சிரித்தான். "அங்கேதான் கதை ஆரம்பிக்கிறது, மாமா" என்றான்.

* * *

கதை விளங்க வேண்டுமானால் டிராப்ட் என்னும் ஏற்பாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1965ஆம் வருஷம் முதல் நடந்து வருகிறது. பெரிய லீக்கில் உள்ள 30 கோஷ்டிகளும் வருஷத்துக்கு ஒரு தடவை கூடி, தேசத்திலுள்ள பள்ளிக்கூட, கல்லூரிப் பிள்ளைகளை முறை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். முந்தின வருஷம் மோசமாக ஆடியவர்களுக்கு முன்னுரிமை என்பது பொது விதி. 2023ஆம் வருஷத்து டிராப்டிலிருந்து முதல் சில இடங்களுக்குச் சீட்டுக் குலுக்குகிறார்கள். எந்தக் கோஷ்டி ஒருவன் பெயரைச் சொல்லுகிறதோ, அந்தக் கோஷ்டியுடன்தான் அவன் பேரம் பேசலாம். பேரம் படியாவிட்டால் அடுத்த டிராப்ட் வரையில் காத்திருக்க வேண்டும். கல்லூரிக்குப் போன பிள்ளை சாதாரணமாக மூன்று வருஷம் ஆன பிறகோ, 21 வயது ஆன பிறகோதான் இந்தச் சந்தைக்கு வர முடியும்.

அந்த மூன்று வருஷமும் அவனைப் பின்தொடர்கிறவர்களுக்கு ஸ்கௌட்டுகள் என்று பெயர். ஒற்றர்கள் என்றே சொல்லலாம். இலக்குக்குப் பின்னால் உள்ள ஆசனங்களில், கையில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியுடன் உட்கார்ந்திருப்பார்கள். அது சுடுவதில்லை, பந்தின் வேகத்தைச் சொல்லும். இக்காலத்தில் பந்து ஒரு நிமிஷத்தில் எத்தனை சுழற்சி சுழல்கிறது, கையை விட்டு எந்த உயரத்தில் கிளம்புகிறது, வழியில் எத்தனை அங்குலம் விலகுகிறது என்பவற்றையெல்லாம் கணக்கிடும் இயந்திரங்களும் வந்துவிட்டன.

ஆனால் வேகம் மட்டும் போதுமானால் இத்தனை பேருக்குச் சம்பளம் வேண்டியதில்லை. 2008ஆம் வருஷத்தில் இந்தியாவில் ஒரு போட்டி நடத்தினார்கள். பேஸ்பாலைக் கையில் தொட்டே அறியாத பிள்ளைகளை வரவழைத்து, யார் வேகமாக எறிகிறான், இலக்கில் எறிகிறான் என்று பார்த்தார்கள். உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு ஸிங், தினேஷ் படேல் என்ற இருவர் தேர்ந்தெடுக்கப்பட்டு அமெரிக்கா போனார்கள். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் கோஷ்டி அவர்களுடன் ஒப்பந்தமும் செய்துகொண்டது. சினிமாவாகவும் வந்தது. பிள்ளைகள் மனமார உழைத்தார்கள். ஆயினும் இருவரில் ஒருவரும் பெரிய லீக்கை எட்டவில்லை. வேகம் ஒரு கதவைத் திறக்கும். உள்ளே இன்னும் பல கதவுகள் இருக்கின்றன.

மணிக்கு 95 மைல் வேகத்தில் கிளம்பிய பந்து அடிப்பவனை அடைய ஒரு விநாடியில் ஏறக்குறையப் பத்தில் நான்கு பங்குதான் பிடிக்கிறது என்று சொல்லலாம். கண்ணை ஒரு தடவை மூடித் திறக்கும் நேரம். இருந்தாலும் பெரிய லீக்கில் அடிப்பவர்கள், அடுத்தது வேகப் பந்துதான் என்று தெரிந்துவிட்டால் அதையும் அடித்துவிடுவார்கள். ஆகவே எறிபவனிடம் கடைசி நேரத்தில் பக்கவாட்டில் நழுவும் "ஸ்லைடர்" வேண்டும். மேலிருந்து விழும் "கர்வ்" வேண்டும். அதே கை வீச்சில் மெதுவாக வந்து ஏமாற்றும் "சேஞ்ச்-அப்" வேண்டும். கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு வித பந்துகளை வைத்துக்கொண்டே காலம் தள்ளிவிடலாம். அங்கே வாரத்துக்கு ஒரு நாள்தான் எறிய வேண்டும். தொழில் ஆட்டத்திலோ ஐந்து அல்லது ஆறு நாளைக்கு ஒரு முறை முறை வந்துவிடும். ஒரே ஆட்டத்தில் ஒரே அடிகாரன் மூன்று தடவை எதிரில் வந்து நிற்பான். மூன்றாம் தடவைக்குப் புதிதாகக் காட்ட என்ன இருக்கிறது என்பதே ஸ்கௌட் கேட்கும் கேள்வி. இலக்கினுள் போடுவது ஒன்று; இலக்கில் நினைத்த மூலையில் போடுவது வேறொன்று. முன்னதைவிடப் பின்னதற்கு விலை அதிகம்.

இவற்றோடு குணம் என்று ஒன்றையும் விசாரிக்கிறார்கள். பெண் கொடுப்பதற்கு முன்னால் நம்மவர்கள் மாப்பிள்ளையின் தெருவில் போய் அடுத்த வீட்டுக்காரரை விசாரிப்பதில்லையா? அதே போலத்தான். தோற்ற ஆட்டத்துக்கு மறுநாள் பையன் எப்படி இருக்கிறான்? சொல்லிக் கொடுத்தால் கேட்டுக்கொள்கிறானா? வீட்டில் என்ன நிலைமை? பெற்றோரைக் கேட்கிறார்கள், பயிற்சி ஆசிரியரைக் கேட்கிறார்கள், மைதானத்தைப் பெருக்குகிறவரைக்கூடக் கேட்கிறவர்கள் உண்டு.

* * *

இவ்வளவும் பார்த்துவிட்டு அவர்கள் மார்க் போடுகிறார்கள். மார்க் என்றதும் நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். நம் சொந்த விஷயம் அல்லவா?

அவர்களுடைய அளவு 0 முதல் 100 வரை அல்ல. 20 முதல் 80 வரை. 50 என்றால் பெரிய லீக்கில் சராசரி. 80 என்பது தலைமுறையில் சிலருக்கே கிடைப்பது. வேகப் பந்துக்கு ஒரு மார்க், ஸ்லைடருக்கு ஒரு மார்க், கட்டுப்பாட்டுக்கு ஒரு மார்க் என்று தனித் தனியாகப் போடுகிறார்கள். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. அதிசயம் வேறிடத்தில் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கட்டங்கள்! ஒரு கட்டத்தில் இன்று இந்தப் பிள்ளை எவ்வளவு. பக்கத்துக் கட்டத்தில் நாளை இவன் எவ்வளவு ஆகக்கூடும். "இன்று 40, நாளை 60" என்று எழுதி, கீழே எழுதியவர் தம் பெயரையும் போட்டுவிடுகிறார்.

நேயர்களே! நாம் இருபது வருஷமாக எத்தனையோ ஆயிரம் விடைத்தாள் திருத்தியிருக்கிறோம். நம் முன்னேற்ற அறிக்கைகளில் எல்லாம் ஒரே கட்டந்தான். வெள்ளைக்காரன் 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று பட்டணங்களிலும் சர்வகலாசாலை ஏற்படுத்திப் பரீட்சை வைத்தான். சர்க்கார் உத்தியோகத்துக்கு ஆள் பொறுக்கிய காலத்தில் ஒரு கட்டம் அவனுக்குப் போதுமானதாக இருந்திருக்கலாம். அவன் போய்விட்டான், கட்டம் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. "விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்று பழமொழி வேறு வைத்திருக்கிறோம். முளையைப் பார்த்து விளைச்சலைச் சொல்பவன், மழையையும் தண்ணீர் பாய்ச்சுகிறவனையும் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறான்.

இரண்டு கட்டம் போடுகிறவர்கள் தவறுவதே இல்லை என்று நினைக்க வேண்டாம். தாராளமாகத் தவறுகிறார்கள். ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் எறிந்த மார்க் ஆப்பெல் 2013ஆம் வருஷம் தேசத்திலேயே முதல்வராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஹூஸ்டன் கோஷ்டியார் 63.5 லட்சம் டாலர் கொடுத்தார்கள். அவர் பெரிய லீக்கில் முதல் பந்து எறிந்தது 2022 ஜூனில், 30ஆம் வயதில், வேறு கோஷ்டிக்காக. நடுவில் சில வருஷம் ஆட்டத்தையே விட்டிருந்தார். 2006இல் டிம் லின்ஸகம் என்பவரைப் பார்த்து, "5 அடி 11 அங்குல உடம்பு இந்த வீச்சைத் தாங்காது" என்று பலர் தலையை அசைத்தார்கள். ஒன்பது பெயர்கள் போன பிறகு பத்தாவதாக ஸான் பிரான்ஸிஸ்கோ கோஷ்டி அவரை எடுத்தது. 2008, 2009 இரண்டு வருஷமும் லீக்கின் தலைசிறந்த எறிகாரருக்குரிய ஸை யங் விருது அவருக்குத்தான். 2010இல் ஸ்டெட்ஸன் என்ற கல்லூரியில் ஜேக்கப் டிக்ரோம் என்ற பிள்ளை, பெரும்பாலும் பந்து தடுப்பவனாக ஆடிவிட்டு அந்த வருஷந்தான் எறியத் தொடங்கியிருந்தார். 271 பேருக்குப் பின் 272ஆவதாக நியூ யார்க் மெட்ஸ் கோஷ்டி எடுத்தது. 2018, 2019 ஸை யங் விருதுகள் அவருக்கு.

சரியாகச் சொன்னதும் உண்டு. பால் ஸ்கீன்ஸ் என்பவரை 2023இல் முதலிடத்தில் எடுத்தார்கள். 2024இல் சிறந்த புது ஆட்டக்காரர், 2025இல் ஸை யங். ஆனால் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் விஷயத்தில் ஸ்கௌட்டுகள் சொன்னது சரியா, தவறா? பள்ளிக்கூடம் முடித்தபோது அவரை யாருமே சீந்தவில்லை. ஸான் டியேகோவில் மூன்று வருஷம் கல்லூரியில் எறிந்த பிறகு 2009இல் முதலிடம். 2010 ஜூனில் முதல் ஆட்டத்திலேயே 14 பேரை வெளியேற்றினார். அதே வருஷம் செப்டம்பரில் முழங்கை அறுவை சிகிச்சை. 2019இல் உலகத் தொடரின் தலைசிறந்த ஆட்டக்காரர். அந்த டிசம்பரிலேயே ஏழு வருஷத்துக்கு 24.5 கோடி டாலர் ஒப்பந்தம். அதன் பிறகு அவரால் எறிய முடிந்தது எட்டே ஆட்டங்கள். இதற்கு எந்தக் கட்டத்தில் எந்த மார்க் போடுவது?

* * *

எல்லாம் அந்த முழங்கையில் இருக்கிறது. கிரிக்கெட்டில் பந்து போடும்போது முழங்கையை 15 டிகிரிக்கு மேல் நீட்டினால் குற்றம். பேஸ்பாலில் முழங்கையை மடக்கிச் சாட்டை போல் சொடுக்குவதுதான் வித்தையே. மேல்கை எலும்பையும் கீழ்க்கை எலும்பையும் உட்புறத்தில் கட்டி நிறுத்தியிருப்பது ஒரு சின்ன நார். ஒவ்வொரு எறியிலும் அந்த நார் இழுபடுகிறது. ஒரு நாள் அறுகிறது.

1974ஆம் வருஷம் வரையில் நார் அறுந்தால் தொழில் முடிந்தது என்று அர்த்தம். அந்த வருஷம் டாமி ஜான் என்ற எறிகாரருக்கு நார் அறுந்தபோது, டாக்டர் பிராங்க் ஜோப் அவருடைய மற்றொரு கையிலிருந்து ஒரு தசைநாரை எடுத்து அந்த இடத்தில் பூட்டினார். மறுபடி எறிவதற்கு நூற்றில் ஒரு பங்கு நம்பிக்கை உண்டு என்று டாக்டர் சொன்னாராம். டாமி ஜான் 1976இல் திரும்பி வந்து, 1989 வரையில் ஆடி, அறுவைக்குப் பிறகு மட்டும் 164 ஆட்டங்களில் வெற்றி கண்டார். கத்தி பிடித்த கையே போட்ட மார்க்கு அப்படித் தப்பிப்போயிற்று! இன்று அந்தச் சிகிச்சைக்கே டாமி ஜான் சிகிச்சை என்று பெயர்.

இப்போது குமாரிடம் திரும்புவோம். 2021இல் அவன் 122 இன்னிங்ஸில் 179 பேரை வெளியேற்றினான். முதல் இடத்துக்கே உரியவன் என்று சொல்லப்பட்டவன். ஆனால் அந்த வசந்தத்தில் சில ஆட்டங்களில் வேகம் குறைந்ததை ஸ்கௌட்டுகள் குறித்துக்கொண்டார்கள். ஜூலையில் டிராப்ட் வந்தபோது ஒன்பது பெயர்கள் அவனைத் தாண்டிப்போயின. பத்தாவதாக மெட்ஸ் கோஷ்டி எடுத்தது. 60 லட்சம் டாலருக்குப் பேச்சு முடிந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. பிறகு வைத்தியப் பரிசோதனை நடந்தது. அதில் எதைக் கண்டார்களோ, கையெழுத்துக்குக் கெடுவான தேதி கழிந்தது, ஒப்பந்தம் வரவில்லை. கைவிட்டதற்கு ஈடாக மெட்ஸுக்கு அடுத்த வருஷம் 11ஆவது இடம் கிடைத்தது.

நம் பக்கத்து மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசி முடித்த பிறகு, வாங்குபவன் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "வேண்டாம்" என்று கயிற்றை விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறோம். மாட்டுக்கு அது புரியாது. 21 வயதுப் பிள்ளைக்குப் புரியும். தேசம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கையில் கயிற்றை விட்டார்கள்.

கை நன்றாகவே இருக்கிறது என்று குமாரின் தரப்பார் சொன்னார்கள். ஆனால் அந்தச் செப்டம்பரிலேயே அவன் தோளில் ஓர் அறுவை சிகிச்சை செய்துகொண்டது பின்னால் வெளிவந்தது. அவன் கல்லூரிக்குத் திரும்பவில்லை. 2022இல் நியூ யார்க் மாகாணத்தில் ட்ராய் என்ற ஊரில், பெரிய லீக் கோஷ்டி எதையும் சேராத ஒரு சின்னக் கோஷ்டியில் சேர்ந்து சில ஆட்டங்கள் எறிந்தான். நன்றாகவே எறிந்தான். அந்த ஜூலையில் டெக்ஸாஸ் ரேஞ்சர்ஸ் கோஷ்டி அவனை மூன்றாவது இடத்தில் எடுத்து 52 லட்சம் டாலர் கொடுத்தபோது எல்லாரும் மூக்கில் விரலை வைத்தார்கள். பத்தாம் இடத்தில் வேண்டாம் என்று விடப்பட்ட கை, ஒரு வருஷத்தில் மூன்றாம் இடத்தில் வேண்டும் என்று எடுக்கப்பட்டது!

ரேஞ்சர்ஸ் கண்டது சரி என்று நாம் கைதட்ட எழுந்தபோது, 2023 மே மாதம் முழங்கை நார் அறுந்து டாமி ஜான் சிகிச்சை. மெட்ஸ் கண்டதுதான் சரி என்று உட்கார்ந்தபோது, 2024 செப்டம்பர் 12ஆம் தேதி ஸியாட்டில் நகரில் குமார் பெரிய லீக்கில் முதன் முதலாக மேட்டில் ஏறி நான்கு இன்னிங்ஸில் ஏழு பேரை வெளியேற்றினான். 2025 அவனுக்கு நல்ல வருஷமாக அமையவில்லை.

"ஆகவே யார் சொன்னது சரி?" என்று மருமானைக் கேட்டோம்.

"இரண்டு பேரும் கையைப் பார்த்தார்கள், மாமா. மெட்ஸ் முதல் கட்டத்தைப் பார்த்தார்கள், ரேஞ்சர்ஸ் இரண்டாவது கட்டத்தைப் பார்த்தார்கள்" என்றான் அவன்.

* * *

அவன் ஊருக்குத் திரும்பிப் போன பிறகும் அந்த இரண்டாவது கட்டம் நம்மை விடவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

நாம் வேலைக்குப் புதிதாக வந்த காலத்தில் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். அரைவருஷப் பரீட்சையில் கணக்கில் 100க்கு 23. அவனுடைய தகப்பனார் சைக்கிள் பழுது பார்ப்பவர். கையில் மசியுடன் பள்ளிக்கூட வாசலில் நின்று, "பையன் தேறுவானா, ஸார்?" என்று கேட்டார். நாம் உண்மையைச் சொல்பவர்கள் என்ற கர்வம் நமக்கு அப்போது நிறைய இருந்தது. "கணக்கு இவனுக்கு வராது" என்றோம். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது அவன் இடம் காலியாக இருந்தது. ஓர் இரும்புக் கடையில் போட்டுவிட்டார்கள் என்று பிள்ளைகள் சொன்னார்கள்.

23 என்ற மார்க்கில் தவறு இல்லை. இன்று திருத்தினாலும் 23தான் போடுவோம். ஆனால் அந்த மூன்று மாதமும் அவன் தாயார் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள் என்பதும், அவன் விடியற்காலையில் எழுந்து இரண்டு தங்கைகளுக்குச் சமைத்துப் போட்டுவிட்டு வகுப்புக்கு வந்தான் என்பதும் நமக்குப் பின்னால்தான் தெரிந்தது. பின்னால் என்றால், வெகு பின்னால். மைதானம் பெருக்குகிறவரைக்கூட ஒரு வார்த்தை விசாரிக்கிற மனிதர்களைப் பற்றி மருமான் சொன்னபோது, நமக்கு ஏன் சாதம் இறங்கவில்லை என்பது அவனுக்கும் தெரியாது. அவன் அத்தைக்கும் தெரியாது. முன் பெஞ்சியில் உட்கார்ந்திருந்த பையனை நாம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குமாருக்காவது ட்ராய் என்று ஓர் ஊர் இருந்தது. அடுத்த வருஷம் என்று ஒரு டிராப்ட் இருந்தது. சைக்கிள் கடைக்காரர் மகனுக்கு டிராப்ட் ஒரே தடவைதான். அதில் மார்க் சொன்னவர்கள் நாம்.

அவன் கணித மேதை ஆகியிருப்பான் என்று நாம் சொல்ல வரவில்லை. என்ன ஆகியிருப்பான் என்பது இனி யாருக்கும் தெரியாது. அதுதான் விஷயம்.

அவர் இப்போது அந்த இரும்புக் கடைக்கே சொந்தக்காரர். அவருடைய மகள் இந்த வருஷம் ஆறாம் வகுப்பில் நம்மிடம் சேர்ந்திருக்கிறாள். சென்ற வாரம் ஆணி வாங்கப் போனோம். ஸ்டூலைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னார். பிறகு, சற்றும் குத்தலில்லாமல், "பாப்பா தேறுவாளா, ஸார்?" என்று கேட்டார்.

பல் வைத்தியருக்குச் செய்தது போல் தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கலாம். மனம் வரவில்லை. அவருடைய பில் புத்தகத்தை வாங்கி, ஒரு தாளின் பின்புறத்தில் இரண்டு கட்டம் போட்டோம். "இன்று" என்று எழுதிய கட்டத்தில் 41 என்று எழுதினோம். அதுதான் அவள் சென்ற பரீட்சையில் வாங்கியது. "நாளை" என்ற கட்டத்தில் 75 என்று எழுதினோம். எழுதும்போது கை சற்று நடுங்கியது. தப்பாகப் போகலாம் அல்லவா? இருந்தாலும் கீழே கையெழுத்தும் போட்டு, தேதியும் போட்டு, நடுவில் உள்ள தூரத்தை எப்படிக் கடக்கலாம் என்று நமக்குத் தோன்றியதைச் சொன்னோம். சாயங்காலம் ஆறு மணிக்குப் பாப்பாவை நம் வீட்டுக்கு அனுப்பும்படியும் சொன்னோம்.

அவர் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் கார்டிலே ஒரு கட்டந்தானே ஸார் இருந்தது?" என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நம்மால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் ஆணியை நிறுத்து, தராசு தாழ்ந்த பிறகும் ஒரு பிடி அதிகமாகவே அள்ளிப் போட்டுப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.